ஆற்றுக் கப்பலா, ரயிலா? முதல் ஐரோப்பியப் பயணத்துக்கு ஓர் ஆலோசனை

கேள்வி: நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், வயது 66. மனைவிக்கு 62. அவருக்கு வலது முழங்காலில் தேய்மானம் இருக்கிறது. மெதுவாக நடப்பார், கைப்பிடி இருந்தால் படியும் ஏறுவார். இருவரும் முட்டைகூடச் சேர்க்காத சைவம், மது அருந்துவதில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் 14 இரவுகளுக்கு முதன்முறையாக ஐரோப்பா போக நினைக்கிறோம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாசெல் வரை ரைன் ஆற்றில் எட்டு நாள் போகும் கப்பல் சுற்றுலா ஒன்றை மகள் பார்த்து வைத்திருக்கிறாள். “அம்மா காலுக்கு அதுதான் நல்லதுப்பா, பெட்டியைத் தூக்கவே வேண்டாம்” என்கிறாள். எனக்குச் சிறு வயதிலிருந்தே ரயில் என்றால் உயிர். ஆசைக்காக மனைவியை அலைக்கழித்துவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. எது சரி?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் மகள் சொல்வதில் பாதி முழு உண்மை. கப்பலில் ஏறியதும் பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டால், இறங்கும் நாள் வரை அதைத் தொட வேண்டியதில்லை. ரயில் பயணத்தில் உங்கள் பெட்டியை நீங்களே ஏற்றி இறக்க வேண்டும். ஐரோப்பிய நிலையங்களில் நம்மூர்போலப் போர்ட்டர்களை எதிர்பார்க்க முடியாது. ஆனால் பெட்டிக்கு நல்லது முழங்காலுக்கும் நல்லதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ரைன் கப்பல் விஷயத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஐரோப்பிய ஆறுகளில் ஓடும் பெரிய சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும்: நீளம் சுமார் 135 மீட்டர், அகலம் பதினொன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அணைகளுக்கு அருகே கப்பலை ஏற்றி இறக்கும் ‘லாக்’ எனப்படும் நீர்த்தொட்டிகளின் அகலம் 12 மீட்டர் என்பதே இந்த அளவுக்குக் காரணம். ஆற்றுப் பாலங்களுக்கு அடியிலும் நுழைந்து போக வேண்டியிருப்பதால், கப்பலை உயர்த்தியும் கட்ட முடியாது. ஆகவே மூன்று தளங்களுக்குள் ஏறக்குறைய 150 முதல் 190 பேர் வரை தங்குகிறார்கள். விலை குறைந்த அறைகள் கீழ்த்தளத்தில் இருக்கும். அவற்றின் சன்னல் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருப்பதால் திறக்க முடியாது. பல கப்பல்களில் லிஃப்ட் நடுத்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையில் மட்டுமே ஓடும். கீழ்த்தளத்துக்கும் மொட்டைமாடி போன்ற திறந்த டெக்குக்கும் படியேறித்தான் போக வேண்டும். மகள் பார்த்து வைத்த விலை எந்தத் தளத்துக்கானது என்பதை முதலில் கேளுங்கள்.

அடுத்தது, கரையிறங்கும் இடம். கப்பல்கள் அதிகம் கூடும் துறைகளில் ஒன்றை ஒட்டி இன்னொன்றாக இரண்டு மூன்று கப்பல்களைக் கட்டிவிடுவார்கள். வெளிப்பக்கத்துக் கப்பலில் இருப்பவர்கள் மற்றக் கப்பல்களின் வழியாக நடந்து, இடையிலுள்ள சிறு பலகைகளைத் தாண்டிக் கரை சேர வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் அறைச் சன்னல் திரையை விலக்கினால் ஆறு தெரியாது. ஒரு முழ தூரத்தில் பக்கத்துக் கப்பல்காரர் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆற்றில் நீர் குறைந்த நாளில் கப்பல் தாழ்ந்து, கரை உயர்ந்து நிற்கும். இறங்கு பாலம் அந்த அளவுக்குச் செங்குத்தாகச் சாய்ந்துவிடும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வலி என்பதை உங்கள் மனைவியே சொல்வார். இறங்கிய பிறகு வழிகாட்டியுடன் குழுவாக இரண்டு மணி நேர நடை. பழைய நகரங்களின் தெருக்கள் எல்லாம் உருண்டைக் கல் பாவியவை. மெதுவாக நடப்பவர்களுக்கென்று தனிக் குழு அமைக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆனாலும் நின்று, உட்கார்ந்து, மனம் போனபடி திரும்பிவர முடியாது.

நேரக் கணக்கையும் பாருங்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கப்பல் பெரும்பாலும் இரவில் நகர்கிறது. காலையில் ஓர் ஊர், மதியத்துக்குப் பின் கப்பல் புறப்பாடு, ஏழு மணி வாக்கில் இரவு உணவு என்பதே வழக்கமான அட்டவணை. வெளியூர்க் கூட்டம் கலைந்து, உள்ளூர் மக்கள் சதுக்கத்தில் வந்து உட்காரும் மாலை வேளையை நீங்கள் பெரும்பாலும் இழப்பீர்கள். ஸ்ட்ராஸ்பூர்க் போன்ற இடங்களில் கப்பல் நிற்பது பழைய நகருக்கு வெளியே, அங்கிருந்து பேருந்து. இரவு முழுவதும் நகர்வதால், விளம்பரப் படங்களில் வரும் கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும் கொண்ட ரைன் பள்ளத்தாக்கைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது எட்டு நாளில் ஏறக்குறைய அரை நாள்தான். பிங்கன், ரூடெஸ்ஹைம் முதல் கோப்லென்ஸ் வரையுள்ள சுமார் 65 கிலோமீட்டர் பகுதி அது. 2002-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்த அரை நாள் உண்மையிலேயே ஈடு இணையற்றது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த அரை நாளுக்காக எட்டு நாளையும் கொடுக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட மாதம்தான் எனக்குப் பெரிய தயக்கம். கோடையின் முற்பகுதியில் ஆல்ப்ஸ் மலைப் பனி உருகி ரைனுக்கு நீர் தரும். செப்டம்பர், அக்டோபரில் அந்த வரத்து குறைந்துவிடும். 2018 அக்டோபரில், கவுப் என்னும் ஊரிலுள்ள நீர்மட்ட அளவுகோல் சுமார் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. (அது ஆற்றின் முழு ஆழமல்ல, ஓர் அடையாளப் புள்ளியிலிருந்து அளக்கும் அளவு.) 2022 ஆகஸ்டிலும் ஆறு மிகவும் வற்றியது. அப்படிப்பட்ட நாட்களில் நிறுவனங்கள் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, ஆழம் இருக்கும் பகுதியில் நிற்கும் இன்னொரு கப்பலுக்குக் கொண்டுபோகும், அல்லது ஓட்டலில் தங்க வைக்கும். ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் இந்த உரிமையை நிறுவனம் தனக்கென எழுதி வைத்திருக்கும். பணம் திரும்பக் கிடைப்பது அரிது. இது ஒவ்வோர் ஆண்டும் நடப்பதில்லை. ஆனால் ரைன் கப்பலை மே, ஜூனுக்கு விரும்பிப் பரிந்துரைக்கும் நான், இலையுதிர்காலத்துக்கு அப்படிப் பரிந்துரைப்பதில்லை.

ரயிலுக்கும் குறை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் 2024-ஆம் ஆண்டு ஏறத்தாழ 62 விழுக்காடு மட்டுமே நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாத கணக்கு. ஜெர்மானியர்கள் நேரம் தவறாதவர்கள் என்று நாம் படித்து வளர்ந்த எண்ணத்தை நம்பி, எட்டு நிமிட இடைவெளியில் ரயில் மாறும் திட்டம் போட்டுவிடாதீர்கள்; குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். வெள்ளம் ரயிலையும் விடாது. 2024 செப்டம்பரில் ஆஸ்திரியாவில் பெய்த பெருமழையில் வியன்னாவுக்கு மேற்கேயுள்ள புதிய விரைவுப் பாதை மூழ்கி, டிசம்பர் நடுவில்தான் மீண்டும் திறந்தது. ஆனால் பழைய பாதை வழியாகச் சில நாட்களிலேயே ரயில்கள் சுற்றி ஓடத் தொடங்கின. தடம் ஒன்று அடைபட்டால் இன்னொன்று இருப்பது ரயிலின் பலம். ஆற்றுக்கு அந்த வசதி இல்லை. ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் கால் பங்கும், இரண்டு மணி நேரத்துக்குப் பாதியும் திரும்பப் பெற ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இடம் தருகிறது. பயணச்சீட்டை எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.

ஆகவே என் கருத்து இது: நீங்கள் ரயிலில் போங்கள், ஆனால் தினம் ஓர் ஊர் என்று ஓடாமல் நான்கே ஊர்களில் தங்குங்கள். ஆற்றைப் பகல்நேரப் படகுகளில் பாருங்கள். முதுமையில் ரயில் பயணத்தைக் கெடுப்பது பெட்டியைத் தூக்கும் நாட்களின் எண்ணிக்கைதான். பதினான்கு இரவில் மூன்றே முறை பெட்டியோடு நகர்ந்தால் மகளின் கவலை பெருமளவு தீர்ந்துவிடும்.

ஃபிராங்ஃபர்ட்டில் விமானம் இறங்கி, நிலையத்தின் அடியிலிருந்தே புறப்படும் உள்ளூர் ரயிலில் அரை மணி நேரத்தில் மைன்ஸ் நகருக்குப் போய் மூன்று இரவு தங்குங்கள். ரைன் கரையிலேயே சின்ன ஊரில் தங்கலாமே என்று தோன்றும். வேண்டாம், அந்தப் பள்ளத்தாக்கின் இரு கரைகளிலும் இருப்புப்பாதை உண்டு, சரக்கு ரயில்கள் இரவு முழுவதும் சன்னலுக்கு வெளியே ஓடும். ஒரு நாள் காலை மைன்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் பிங்கன் போய், அங்கே படகேறி, ஆறு போகும் திசையிலேயே சங்க்ட் கோவார் வரை வாருங்கள். ஒன்றரை மணி நேர அளவிலான இந்தப் பயணத்தில் பாகராக், ஆற்றின் நடுவே கப்பல்களிடம் சுங்கம் வாங்குவதற்காகக் கட்டிய கவுப் கோட்டை, கடைசியாக லோரலை பாறை என்று கப்பல்காரர்கள் காட்டும் பகுதியின் சிறந்த பாதி வந்துவிடும். திரும்புவதற்கு ரயில், மைன்ஸ் நோக்கி வரும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் காலையில் படகிலிருந்து பார்த்த கோட்டைகளை எதிர்க்கரையில் மீண்டும் பார்க்கலாம். கொலோன் போக விரும்பினால் ஒன்று கவனியுங்கள்: ஃபிராங்ஃபர்ட்டுக்கும் கொலோனுக்கும் இடையில் 2002-இல் திறந்த அதிவிரைவுப் பாதை ஆற்றை விட்டு விலகிச் சுரங்கங்கள் வழியாகப் போகிறது. நேரம் மிச்சம், ஆனால் ரைன் கண்ணில் படாது. கோப்லென்ஸ் வழியாகப் போகும் மெதுவான ரயிலையே எடுங்கள்.

அடுத்து பாசெல் வழியாக லூசெர்ன், நான்கு இரவு. வந்த மறுநாளிலிருந்து தொடங்கும்படி நான்கு நாள் சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கினால் ரயில், பேருந்து, ஏரிப் படகு மூன்றும் அதில் அடங்கும். ரிகி மலையேறும் பல்சக்கர ரயிலும் அடங்கும். 1871-இல் திறந்த அந்த ரயில்தான் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். லூசெர்னில் படகேறி, ஃபிட்ஸ்னாவ் துறையில் இறங்கினால் எதிரிலேயே ரயில் நிற்கும். 1,798 மீட்டர் உயரச் சிகரத்துக்குச் சற்றுக் கீழே வரை உட்கார்ந்தபடியே போய்விடலாம். இலையுதிர்காலத்தில் ஏரி மூடுபனியில் மறைந்திருந்தால் ஓட்டலிலேயே இருந்துவிடாதீர்கள். அப்படிப்பட்ட காலைகளில் பல நாள் மேலே நல்ல வெயில் அடிக்கும்; மேகத்துக்கு மேல் மலைமுடிகள் மட்டும் தீவுகளாக நிற்கும். சிகரத்திலுள்ள கேமராவின் படத்தை நிலையத்திலும் கைப்பேசியிலும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

லூசெர்னிலிருந்து சூரிக் வந்து, அங்கிருந்து ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் செல்லும் பயணம்தான், ஐயா, உங்கள் ரயில் ஆசைக்கு நான் எடுத்து வைத்திருப்பது. ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். சூரிக்கில் புறப்படும்போது இடப்பக்கச் சன்னலைப் பிடியுங்கள். முதலில் சூரிக் ஏரி, பிறகு செங்குத்தான பாறைச் சுவருக்கு அடியில் வாலென்ஸே ஏரி. எல்லையில் பூக்ஸ் நிலையத்தில் ரயில் நின்று, வந்த திசையிலேயே திரும்பிப் புறப்படும். அங்கே தடம் அமைந்திருக்கும் விதம் அப்படி. தவறான ரயிலில் ஏறிவிட்டோமோ என்று பதற வேண்டாம். அதன் பின் 1884-இல் திறந்த, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஆர்ல்பெர்க் சுரங்கம். இன்ஸ்ப்ரூக்கில் இரண்டு இரவு தங்கி ஓய்வெடுத்த பிறகு வியன்னாவுக்கு நான்கேகால் மணி நேரம்.

வியன்னாவில் ஐந்து இரவு. அதில் ஒரு நாள் டான்யூப் ஆற்றுக்கு. வியன்னாவிலிருந்து ஒரு மணி நேர ரயிலில் மெல்க் போங்கள். குன்றின்மேல் நிற்கும் மடத்தைப் பார்த்துவிட்டுப் படகில் கிரெம்ஸ் வரை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஒரு மணி நேர ரயிலில் வியன்னா திரும்பிவிடலாம். ரயில், படகு, மடம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டை ஆஸ்திரிய ரயில்வே விற்கிறது. இதுவே 2000-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த வாகாவ் பள்ளத்தாக்கு. எதிர்த்திசையில் போனால் நீரோட்டத்தை எதிர்த்து மூன்று மணி நேரம் ஆகும். ஆகவே மெல்க்கிலிருந்தே தொடங்குங்கள். மெல்க் நிலையத்திலிருந்து மடம் ஏற்றம். அங்கே மட்டும் டாக்சி எடுங்கள், முழங்காலுக்காகச் செலவிடும் அந்தச் சில யூரோ வீணல்ல. அலைச்சல் இல்லாத இன்னொரு நாளில், 1854-இல் திறந்த செம்மரிங் மலைப்பாதையில் சும்மா ஒரு முறை போய் வரலாம். கல் வளைவுப் பாலங்கள் மேல் ரயில் வளைந்து ஏறுவதைச் சன்னலோரம் உட்கார்ந்தே பார்க்கலாம்.

ரயிலேறும்போது கவனிக்க வேண்டியவை சில. பல நெடுந்தூர ரயில்களில் கதவருகே இரண்டு மூன்று படிகள் இருக்கும். ஆளுக்கு 15 கிலோவுக்கு மிகாத ஒரு பெட்டி போதும். கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும். நடைமேடை ஏ, பி, சி என்று பிரிக்கப்பட்டிருக்கும். நீங்கள் ஏற வேண்டிய ரயில் பெட்டி எந்த எழுத்துக்கு எதிரே நிற்கும் என்பதை அங்குள்ள பலகை காட்டும். முன்கூட்டியே அங்கே போய் நின்றுவிட்டால் ரயில் வந்த பிறகு ஓட வேண்டாம். ஜெர்மனி, ஆஸ்திரியா ரயில்களில் இருக்கை முன்பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை; ஆனாலும் சில யூரோ கொடுத்துச் செய்துவிடுங்கள். யூரெயில் பாஸ் 33 நாடுகளுக்குச் செல்லும், 60 வயது நிரம்பியவர்களுக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடியும் உண்டு என்றாலும், மூன்றே நெடும்பயணத்துக்கு அது தேவையில்லை. முன்கூட்டி வாங்கும் சலுகைச் சீட்டுகளே மலிவு.

உணவு. ஆற்றுக் கப்பலின் காலைச் சிற்றுண்டியில் உங்களுக்குக் குறை இருக்காது. இரவு உணவில் சைவம் என்றால் பாஸ்தா, ரிசோட்டோ, காளான் என்று சுற்றிச் சுற்றி வரும். முட்டை, இறைச்சிக் கொதிநீர் சேர்ந்த சூப், விலங்கின் இரைப்பைச் சாறு கொண்டு உறையவைத்த பாலாடைக்கட்டி ஆகியவை எல்லாம் அவர்கள் கணக்கில் சைவமாகவே இருக்கக்கூடும்; ஒவ்வொரு வேளையும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். கட்டணத்தில் சேர்ந்திருக்கும் திராட்சை மதுவுக்கும் பீருக்கும் நீங்கள் வீணாகப் பணம் கொடுப்பீர்கள். மைன்ஸிலும் வியன்னாவிலும் சமையலறையுடன் கூடிய குடியிருப்பை எடுத்துக்கொண்டால், அரிசியும் நல்ல தயிரும் எந்தக் கடையிலும் கிடைக்கும்; ஒரு வேளை தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு அடுத்த வேளை ஊர் சுற்றலாம். ஞாயிற்றுக்கிழமை அந்த இரு நாடுகளிலும் கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்துக் கடைகள் மட்டும் திறந்திருக்கும்.

எந்த நிலையில் நான் கப்பலைச் சொல்வேன் என்றும் எழுதிவிடுகிறேன். உங்கள் மனைவியை மருத்துவர் பார்த்து, பத்துப் படி ஏறுவதே கூடாது என்றால், அல்லது பெட்டி தூக்குவதில் உங்களுக்கே இதயச் சிரமம் ஏதும் இருந்தால், ரயிலை விட்டுவிடுங்கள். அப்போதும் ரைன் வேண்டாம். பாஸாவிலிருந்து வியன்னா வழியாகப் புடாபெஸ்ட் வரை போய்வரும் டான்யூப் கப்பலை எடுங்கள். பாஸாவில் கப்பல் ஊரை ஒட்டியே நிற்கும். இரவில் விளக்கொளியில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் புடாபெஸ்டுக்குள் நுழைவது எந்த ரயிலும் தர முடியாத காட்சி. லிஃப்ட் வந்து நிற்கும் தளத்தில் அறை கேளுங்கள். கீழ்த்தளத்து மலிவு அறைக்கு ஆசைப்பட வேண்டாம்.

விசா பற்றிக் கடைசியாக ஒன்று. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் ஜெர்மனியில் மூன்று, சுவிட்சர்லாந்தில் நான்கு, ஆஸ்திரியாவில் ஏழு இரவு. ஆகவே ஆஸ்திரியாவுக்கு விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் ஏற்பார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். ரத்து செய்யக்கூடிய ஓட்டல் முன்பதிவுகளுடன் ஏப்ரலிலேயே விண்ணப்பித்து, விசா கைக்கு வந்ததும் ரயில் சீட்டுகளை வாங்குங்கள். சலுகைச் சீட்டுகளுக்குப் பணம் திரும்பாது என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.